கறுப்பு அட்டை

ஸ்கேனரில் நான்கு வரிகள்தான் வர வேண்டும். அடி, தீ, நஞ்சு, மூச்சு. அந்த விண்வெளி நிலையக் கணினி விளையாட்டில் மனித உடம்புக்கு வரக்கூடிய கேடு அவ்வளவுதான். அடிக்குக் கட்டு, தீக்காயத்துக்குக் களிம்பு, நஞ்சுக்கு மாத்திரை, மூச்சுத் திணறலுக்கு ஊசி. எட்டு மாதமாக அதன் மருத்துவப் பிரிவே கதி என்று கிடப்பவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் அந்த ஞாயிறு மதியம், கடைசிப் படுக்கையில் கிடந்தவன்மேல் ஸ்கேனரை வைத்தபோது ஐந்தாவதாக ஒரு வரி வந்தது.

'காத்திருப்பு: 1 நிமிடம்.'

புது அப்டேட் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். படுத்திருந்த பொம்மைக்குப் பெயர் இல்லை. பழுப்பு நிறச் சட்டை போட்டிருந்தது.

'மருந்துப்பெட்டி, ஓடி வாய்யா! எஞ்சின் ரூம்ல ரெண்டு பேர் கருகிட்டாங்க' என்று எழுதினார் கேப்டனாக விளையாடுகிறவர். யாரோ, எந்த ஊரோ. விளையாட்டில் இவன் வைத்துக்கொண்ட பெயர் மருந்துப்பெட்டி. அந்த நிலையத்தில் இன்னும் இவனை நம்பி உடம்பைக் கொடுக்க ஆள் இருந்தது. வெளியே ஒருத்தரும் இல்லை.

வெளியே அவன் ஆம்புலன்ஸில் முதலுதவி செய்தவன். பஸ் கவிழ்ந்த அன்று பதினாறு பேர் சாலையில் கிடந்தார்கள். யாரை முதலில் தூக்குவது என்று பார்த்து அட்டை கட்டுவது அவன் வேலை. உடனே தூக்க வேண்டியவருக்குச் சிவப்பு, காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், நடக்க முடிகிறவருக்குப் பச்சை. முடிந்துபோனவருக்குக் கறுப்பு. கறுப்பு கட்டிவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் முறை. பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவருக்குக் கறுப்பு கட்டி, 'நாடி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாற்பத்தொரு நிமிடம் கழித்து உடலைத் தூக்க வந்தவர்கள், மூடியிருந்த வெள்ளைத் துணியில் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக ஈரத்தைப் பார்த்தார்கள். அதற்குள் நிஜமாகவே எல்லாம் முடிந்திருந்தது.

வேலை போயிற்று. ஒரே டப்பாவில் சாப்பிட்ட டிரைவர்கூட விசாரணையில் நான் எதையும் பார்க்கவில்லை என்று கைகழுவிவிட்டான். அக்கா ஒருத்திதான் அதிகாரிகள் முன்னால் நிமிர்ந்து நின்றாள். "என் தம்பி தொட்டுப் பார்க்காம எழுத மாட்டான் சார். அவன் கையெழுத்து இருந்தா எனக்கு வேற சாட்சி வேண்டாம்." அந்த ஸ்வெட்டர்காரர் கழுத்தில் அவன் விரலே வைக்கவில்லை. கை நிறைய வேலை, பார்த்தாலே முடிந்துபோனவர் மாதிரி தெரிந்தது, எழுதிவிட்டான். இதை அவளிடமும் அவன் சொன்னதில்லை.

எஞ்சின் அறைக்காரர்களுக்குக் களிம்பு தடவிவிட்டுத் திரும்பினான். கடைசிப் படுக்கை சுவர் ஓரத்திலிருந்து சற்று முன்னால் வந்திருந்தது. அடி 0, தீ 0, நஞ்சு 0, மூச்சுக் கேடு 60. காத்திருப்பு: 19. பெட்டியில் மூச்சு ஊசி ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குள் கேப்டனைக் காற்றில்லாத அறையிலிருந்து இழுத்து வந்தார்கள். ஊசியை அவருக்கே போட்டான். பெயரில்லாதவனுக்கு யார் அழப் போகிறார்கள்?

அடுத்த அறையில் அக்காவின் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. யாருக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவள், கையில் வெள்ளைத் துணி வழிய, கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"வேலைக்குத் திரும்ப மனு எழுதிட்டேன்டா. கழுத்துல விரல் வெச்சு ஒரு நிமிஷம் பார்த்தான்னு போட்டிருக்கேன். சரிதானே?"

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பிறகு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ற பயம் வந்தது.

"சரிதான்க்கா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் போனாள். மெஷின் மறுபடி ஓடியது. மூடிய ஜன்னல் வழியாக எங்கிருந்தோ டீசல் வாடை வந்தது, நனைந்த தார்ச்சாலையின் வாடை, கம்பளி நனைந்தால் வருமே அந்த வாடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மேஜைக்கும் நாற்காலிக்கும் இடையில் தேங்கி நின்றன. காத்திருப்பு: 38. படுக்கை இப்போது திரையின் நடுவில் இருந்தது. பொம்மையின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. இந்த விளையாட்டில் அட்டையே கிடையாது.

ஸ்கேனரைத் தன் பொம்மைமேல் திருப்பினான். அடி 0. தீ 0. நஞ்சு 0. மூச்சுக் கேடு 80.

மார்பு இறுகியது.

90.

மவுஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். மணிக்கட்டில் கறுப்பு அட்டை. நாடி இல்லை. கீழே கையெழுத்து. அவனுடையதுதான்.

அக்கா என்று கத்தினான். சத்தம் வரவில்லை. கால் அசையவில்லை. நாற்காலியோடு சரிந்தான்.

மெஷின் நின்றது.

"ஐயோ, தம்பி!" ஓடி வந்து மண்டியிட்டாள். அவள் விரல்கள் அவன் கழுத்தை நோக்கி வந்தன. தொடுக்கா. இன்னும் கொஞ்சம். தொட்டால் தெரிந்துவிடும். நான் அன்றைக்குத் தொடவில்லை, நீயாவது தொடு.

அட்டையைப் பார்த்தாள். திருப்பி, எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். விரல்கள் பாதியிலேயே நின்றன.

"அவன் கையெழுத்துதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "பார்க்காம எழுத மாட்டான்."

மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைத்து முடித்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து அவன்மேல் போர்த்தினாள். ஓரங்களைச் சரிசெய்தாள்.

துணி வழியாகத் திரை மங்கலாகத் தெரிந்தது. கடைசிப் படுக்கை காலியாக இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் 'மருந்துப்பெட்டி' என்று இருந்தது.

காத்திருப்பு: 1 நிமிடம்.

வாசல் பக்கம் அக்கா போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, போயிட்டான். இல்லங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவா வாங்க."

துணி உள்ளே இழுபட்டு உதட்டில் ஒட்டியது. விலகியது. மறுபடி ஒட்டியது. வாய் இருக்கும் இடத்தில் வட்டமாக ஈரம் பரவத் தொடங்கியது.