எக்காமல் நில்

பொடியில் பதிந்திருந்த கால்தடங்களில் குதிகால் இல்லை. கதவு நிலைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி, அறையைப் பார்த்தபடி இரண்டு சின்னப் பாதங்கள். விரல்களும் விரலடிச் சதையும் மட்டும். காலையில்தான் அந்த மூலையைக் கூட்டியிருந்தார் சோடா.

சமையல் சோடாவைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுவர்க் கரியை எடுப்பது அவர் தொழில்; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். சொந்தத்தில் யாருக்கு வயிறு உப்பினாலும் அவரைக் கூப்பிடச் சொல்லிக் கிண்டலடிப்பார்கள். இது தீப்பிடித்த வீடு. இந்த அறையில் படுத்திருந்த ஏழு வயது மகள் அந்தத் தீயில் போய்விட்டாள். வீட்டுக்காரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். நிலை ஓரத்துச் சுவரில், கரிக்கு அடியில், மகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். அது மட்டும் அழியக் கூடாது.

“கண்ணாடில அடிச்சாக்கூட கீறல் விழாதும்மா. கவலைப்படாதீங்க,” என்று வாக்குக் கொடுத்தார் சோடா.

கீறல் விழவில்லைதான். ஆனால் பென்சில் கோடும் ஒரு வகைக் கரிதானே. ஒரே வீச்சில், புகைக்கரியோடு சேர்ந்து, அவர் கண் முன்னாலேயே போய்விட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், நாக்கு எழவில்லை. சோடாவின் மகளுக்கும் ஏழு வயது. அவள் அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தான் வரை வருவாள் என்ற கணக்கில் தச்சுப் பென்சிலால் ஒரு கோட்டை இழுத்துவிட்டார். தன் மகள் வயதுக்கு மீறிய உயரம் என்பது அப்போது உறைக்கவில்லை. அது நேற்று. இன்று அந்தக் கோட்டுக்கு நேர் கீழே தடங்கள்.

வீட்டில் மகளை அளக்கும்போதெல்லாம் அவர் அதட்டுவார்: எக்காமல் நில், குதிகாலை ஊன்று. எட்டவில்லை என்றால்தான் குழந்தைகள் எக்கும்.

கோட்டை அழித்துவிட்டு இறக்கிப் போடலாம் என்று முகமூடியை மாட்டினார். ஜன்னலை மூடியிருந்த பிளாஸ்டிக் தாள் உப்பி உப்பி ஒடுங்கியது; வெளியே கம்ப்ரசரின் ஓலம், உள்ளே தன் மூச்சு, ரப்பர் வாசனை, அதற்கும் அடியில் எத்தனை கழுவியும் போகாத கருகல் நெடி. குழாய் முனையைக் கோட்டுக்கு நேரே நீட்டினார்.

குழாய் ஒரு முறை இழுபட்டது.

சத்தத்தில் எதுவும் கேட்காத வேலை இது. வெளியே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன் குழாயை இழுத்துத்தான் பேசுவான். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. எரிச்சலோடு வெளியே போய்க் கேட்டார்.

“நான் தொடவே இல்லையே மாமா,” என்றான் அவன். இரண்டு கையாலும் மூட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தார். தடங்கள் சிறுத்திருந்தன. விரலடிச் சதை இல்லை. இரண்டு கட்டைவிரல் நுனி மட்டும்.

“எக்காதம்மா,” என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

கம்ப்ரசர் நின்றது. வாசலில் வீட்டுக்காரம்மா. நேராகச் சுவருக்குப் போய், கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

“இவ்ளோ உயரம் இல்லையே அவ.”

சோடா ஓரடி முன்னால் வந்தார். சொல்லிவிட வேண்டும். இப்போதாவது.

“எக்கியிருப்பா, கள்ளி,” என்று அந்த அம்மா சிரித்தார், கண்ணில் நீர் வழிய. “எத்தன தடவ திட்டினாலும் எக்குவா.”

சோடா குனிந்து பார்த்தார்.

தடம் இல்லை. விரல் நுனிகூட இல்லை. பொடி வழவழவென்று கிடந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், அருகருகே இரண்டு இடங்களிலிருந்து வெள்ளைப் பொடி மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது.