சுனையில் போட்ட உப்பு

போடியில் ஜீப் ஏறும்போது சூர்யகலாவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் ஏற ஏற வியர்வை காய்ந்து, காது அடைத்து, கடைசியில் பல் தந்தியடித்தது.

கல்யாணமாகி மூன்று மாதம். லிங்கேஸ்வரன் மெட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். இனி அவளும் அவனோடு தோட்டத்து வீட்டில்தான். அவன் டிரைவர் மொக்கச்சாமிக்குப் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தான். பின்னால், காய் பறிக்கப் போகும் பெண்களின் முழங்கால்களுக்கு நடுவே சொருகிய மூட்டையாக அவள்.

“மேல எனக்குப் பிடிச்சது தண்ணிதான்,” என்றாள் எதிரே இருந்த அன்னக்கொடி. பல வருஷமாக அந்தத் தோட்டத்துக்குப் போகிறவள். “போடியில கொடத்த வச்சு மல்லுக்கட்டணும். இங்க குனிஞ்சாப் போதும்.”

“பிடிக்காதது என்னக்கா?”

“அத கீழ எறங்குனப்பறம் கேளு ஆத்தா. ஒரு பாட்டம் சொல்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சூர்யகலாவும் சிரித்தாள். பிடிக்காததைச் சொல்ல அவளுக்கு யோசிக்கவே வேண்டாம். போடியின் வெயிலைத் திட்டலாம், ஆனால் சாயங்காலம் பரோட்டாக் கடைச் சத்தம் உண்டு, நினைத்தால் மதுரைக்கு ரயில் உண்டு. இந்த மலையில் என்ன உண்டு?

மெட்டுக்குச் சற்று முன்பு ஒரு வளைவில் ஜீப் நின்றது. பாறையடியில் ஒரு சுனை. அன்னக்கொடி அவள் கையில் ஒரு பிடி கல்லுப்பை வைத்தாள்.

“புதுசா ஏறுறவுக இதுல உப்புப் போடணும். இந்த மலையப் பத்தி மனசுல உள்ளத வாயத் தொறந்து சொல்லிப் போடு. வெரசா.”

உப்புப் போடுவது சூர்யகலாவுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் மரு வந்தபோது மாரியம்மன் கோயிலில் அம்மா போடச் சொல்லியிருக்கிறாள். வேண்டாததைச் சொல்லிப் போட்டால் உப்போடு கரைந்துவிடும். மரு உதிர்ந்தும் போனது.

“அட்டை தொலையட்டும்,” என்றாள். “குளிர் தொலையட்டும்.” முன்சீட்டில் தெரிந்த புருஷனின் முதுகைப் பார்த்தாள். குரல் தானாக இறங்கியது. “இவுகள இங்க கட்டிப்போட்டிருக்கிற சோலியும் தொலையட்டும்.”

மொக்கச்சாமி விடாமல் அடித்த ஹாரனில் அவள் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை.

உப்பைச் சுனையில் போட்டாள். அது அடியில் போய்த் தங்கவில்லை. ஒரு மிடறு விழுங்கியதைப் போலச் சுனையின் தண்ணீர் சற்று இறங்கியது.

லிங்கேஸ்வரன் கையை வெளியே நீட்டித் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி கிளம்பலாம் என்பதற்கு அது அவன் வழக்கம்.

மறுநாள் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். மழை விட்ட ஈரத்தில் எல்லோர் காலிலும் அட்டை தொங்கியது. அவள் காலில் ஒன்றுகூட இல்லை.

“மலைக்கே ஒன்னியப் பிடிச்சிருச்சு,” என்று அவன் கேலி செய்தான். அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

திரும்பும் வழியில், ஏலச்செடித் தூர் ஒன்றின் அடியில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து நாய் படுத்திருந்தது. அதன் ரோமம் அசைந்தது. கிட்டே போனபோதுதான் அது ரோமம் இல்லை என்று தெரிந்தது.

உடம்பு முழுக்க அட்டை. காதுக்குள் அட்டை. கண் இருந்த இடத்தில் கொத்துக் கொத்தாக அட்டை.

லிங்கேஸ்வரன் குச்சியால் புரட்டினான். உள்ளே ஒன்றும் இல்லாத பைபோல நாய் மடங்கியது.

அன்று இரவு வீட்டில் குளிரே இல்லை. சுவரில் கை வைத்தாள்; அடுப்பு மேடையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. போர்வையை உதறிவிட்டு நன்றாகத் தூங்கினாள். விடியும்போது ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் முடி கருகும் நாற்றம்.

வெளியே கூக்குரல் கேட்டது.

காயை அனலில் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதில் தீப்போடும் ராக்கையா உள்ளறையில் கிடந்தான். கதவு வெளியே தாழிட்டிருந்தது. யாரும் தாழிடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். கதவின் உட்புறப் பலகையில் நகங்கள் பெயர்ந்து குத்தி நின்றன. ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தான். தோல் வெடித்து, உதடு பின்வாங்கி, பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

பற்களுக்கு உள்ளே வாய் நிறையப் பச்சை ஏலக்காய். அந்த அனலிலும் அது வாடவில்லை.

சூர்யகலா சுனையில் சொன்னதை எண்ணிப் பார்த்தாள். அட்டை. குளிர்.

இன்னும் ஒன்று பாக்கி.

அன்னக்கொடியை இழுத்துக்கொண்டு மறைவுக்குப் போனாள். சொல்லச் சொல்ல அன்னக்கொடியின் முகம் செத்துப்போயிற்று.

“அடிப்பாவி. இங்க பிடிச்சதத்தான் சொல்லிப் போடணும். பிடிச்சதச் சொன்னா மல வச்சுக் காக்கும். பிடிக்காததச் சொன்னா எடுத்துரும்.”

“எனக்குத் தெரியாதேக்கா. எங்க ஊர்ல…”

“மூணாவது என்ன சொன்ன?”

“அவுக சோலி.”

“வெரசா உப்ப எடுத்துட்டு வா. சுனைக்குப் போவோம். பிடிச்சத ஒண்ணு சொல்லிப் போடு.”

அவள் அடுப்படியில் உப்பை அள்ளும்போது அலறல் கேட்டது. லிங்கேஸ்வரனின் குரல் அப்படிக்கூடப் போகும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

சாவு விழுந்ததால் தோட்டத்தில் வேலையை நிறுத்தி, மெயினை அணைத்திருந்தார்கள். காம்பு நீக்கும் மெஷினில் சிக்கிக் கிடந்த காயை எடுக்கத்தான் லிங்கேஸ்வரன் கையை விட்டான்.

கரண்ட் இல்லாத மெஷின் சுற்றியது.

வலது கையை முழங்கைக்கு மேலே வரை மென்றது. எலும்பு நொறுங்குவது வாசல்வரை கேட்டது. அவன் காலை உதைத்து உதைத்துப் பின்னால் விழுந்தபோது கை அவனோடு வரவில்லை. சுவரெல்லாம் ரத்தம், அதில் ஒட்டிய காய். அவன் விழுந்தபிறகு மெஷின் தானாக நின்றது.

மொக்கச்சாமியின் ஜீப்பில் படுக்க வைத்தார்கள். அன்னக்கொடி மடியில் அவன் தலை. துண்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் ஜீப்பின் தரையில் வழிந்தது. நடுப்பகலிலேயே பனிப்புகையாக மஞ்சு இறங்கி வழியை மூடியிருந்தது.

“சூர்யா,” என்றான் அவன். “போடிக்குப் போயிருவோம். இனிமே இங்க வேணாம்.”

அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டதும் நெஞ்சு வெடித்தது.

சுனை வளைவில், “நிறுத்துங்கண்ணே!” என்று கத்தினாள்.

“நிறுத்தாத,” என்றான் லிங்கேஸ்வரன். “கீழ போ.”

மொக்கச்சாமி நிறுத்திவிட்டான். அவள் குதித்து ஓடி, உப்பை மொத்தமாகச் சுனையில் வீசினாள்.

“எனக்கு இவுகளப் பிடிச்சிருக்கு! இந்த மலையில எனக்குப் பிடிச்சது இவுகதான்! இவுகளக் காப்பாத்து!”

தண்ணீர் விளிம்பு வரை பொங்கி, மெல்ல அடங்கியது.

பின்னால் சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். ஜீப்பில் அன்னக்கொடி மட்டும் இருந்தாள். மடி நிறைய ரத்தம். இரண்டு கைகளும் ஒரு தலையைத் தாங்குகிற மாதிரியே இருந்தன.

“மடியிலதான் இருந்தாரு ஆத்தா,” என்றாள், வாய் குழறி. “இப்பத்தான்…”

போலீஸ் தேடியது, காட்டிலாகா தேடியது, பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கியும் பார்த்தார்கள். சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

சூர்யகலா இப்போது போடியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். பரோட்டாக் கடைச் சத்தம் கேட்கிறது, ரயில் போகிறது. எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மொக்கச்சாமியின் ஜீப்பில் ஏறிச் சுனை வளைவு வரை போகிறாள்.

“பிடிக்கலன்னு சொல்லிப் போடு ஆத்தா,” என்று அன்னக்கொடி ஒவ்வொரு தடவையும் கெஞ்சுகிறாள். “மல அவர விட்டுரும்.”

விடும். எப்படி விடும் என்று சூர்யகலா பார்த்தாயிற்று. நாயை வெறும் பையாக விட்டது, ராக்கையாவைச் சுருக்கி விட்டது.

போன வெள்ளிக்கிழமையும் உப்பை மூடிய கையோடு சுனையோரம் நின்றாள். வாயைத் திறந்தாள். “எனக்கு இவுகள…” என்று தொடங்கி, முடிக்கத் தைரியம் வரவில்லை. உப்பு கைக்குள்ளேயே ஈரமாகி வழிந்தது. அவனை அங்கே விட்டுவிட்டு வருகிறோமே என்று அழுதுகொண்டே ஜீப்பில் ஏறினாள்.

வெளியே தகரத்தில் இரண்டு தட்டு.

மொக்கச்சாமி பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்து முந்தானையை இறக்கியபோது அம்மா விசிறியை நழுவவிட்டாள். ரவிக்கையின் தோளில் வெள்ளையாக உப்புப் பூத்து ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. விரல்கள் ஐந்தும் தெளிவாக இருந்தன.

இடது கை.

அந்த இடம் மட்டும் சில்லென்று குளிர்ந்தது. சூர்யகலா அதைத் தட்டிவிடவில்லை. அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். கைக்கு அடியில் அந்த விரல்கள் மெல்ல இறுகின.