மேசையை விட்டு எழுந்திருக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் நாலு தட்டில் இப்போதுதான் இரண்டாவதே வந்திருக்கிறது. உட்கார்ந்து உட்கார்ந்து சிறுமி சொலேனுக்குக் கால் மரத்துப்போய்விட்டது.

எதிரில் இருந்த லூசியா டீச்சரின் பாடு இன்னும் மோசம். மொசாம்பிக்கிலிருந்து இரண்டு விமானம், ஒரு ரயில் மாறி அன்று காலையில்தான் பிரான்சில் வந்து இறங்கியிருந்தார். சொலேனின் அம்மா வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு மாதம் பாடம் நடத்தப்போகிறார். வெளிநாட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

முதலில் வந்த கல்லீரல் விழுதையும் ரொட்டியையும் அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதுதான் மொத்தச் சாப்பாடும் என்று நினைத்துவிட்டார், பாவம். ஒயினில் வெந்த மாட்டிறைச்சியை அப்பா பெரிய பாத்திரத்தோடு தூக்கிவந்ததும் டீச்சரின் முகம் தொங்கிப்போனது.

இப்போது அவருக்குக் கண் சொருகியது. தலை ஆடியது. முள்கரண்டி கையிலேயே நின்றது.

சொலேனுக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா காலை ஆறு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிறார். போன வருஷம் ஃபாபியன் மாமா, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றதற்கே ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. விருந்தாளி தட்டிலேயே தலை சாய்த்தால் அவ்வளவுதான்! டீச்சருக்கும் எவ்வளவு வெட்கமாக இருக்கும்?

நடுவில் எழுந்து போகவும் முடியாது. பெரியவர்கள் அப்படி எழுந்தால் மரியாதைக் குறைவு. சின்னவர்கள் மட்டும் கேட்டுவிட்டு எழலாம்.

"அப்பா, நான் எழுந்திருக்கலாமா?"

"ம், போ."

"டீச்சரும் வரட்டும்பா."

"அது எப்படி? அவங்க என்ன சின்னப் பிள்ளையா?"

"இந்த ஊருக்கு வந்து ஆறு மணி நேரம்தானே ஆகுது? அப்ப என்னைவிடச் சின்னவங்கதான்!"

மேசையைச் சுற்றியிருந்த அம்மாவும் உறவினர்களும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரின் தட்டில் அப்படியே கிடந்த இறைச்சியைப் பார்த்தார்.

"என் சமையல் பிடிக்கலையோ?"

"பிடிக்காமலா முதல் தட்டை மூணு தடவை வாங்கினாங்க? அதோட முடிஞ்சிடும்னு நினைச்சுட்டாங்கப்பா. நாம யாராவது சொன்னோமா? நேத்திலிருந்து அவங்க தூங்கவே இல்ல."

லூசியா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க. அவ்வளவு ருசியா இருந்துச்சு" என்றார்.

அப்பாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "அடடா, நாங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்துட்டோமே! சரி, சின்னப் பொண்ணுங்க ரெண்டு பேரும் போகலாம்."

சொலேன் டீச்சரைப் பக்கத்து அறை சோபாவுக்கு அழைத்துப்போனாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். சொலேன் போர்வையைப் போர்த்திவிட்டு, கீழே கம்பளத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கும் கொட்டாவி கொட்டாவியாக வந்தது.

மூன்றரை மணிக்கு டீச்சர் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயோ! எல்லாரும் போயிட்டாங்களா? சாப்பாடு முடிஞ்சிடுச்சா?"

"எங்க முடியுது! இப்பதான் சீஸே வந்திருக்கு. நீங்க வராம வெட்ட மாட்டேன்னு அப்பா கத்தியோட உட்கார்ந்திருக்கார்."

டீச்சர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "சொலேன், ஆச்சரியமா இருக்கு. எனக்குப் பசிக்குது!"

அவர் உள்ளே போனதும், "வாங்க, வாங்க!" என்று அப்பாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

சோபா இன்னும் கதகதப்பாக இருந்தது. சொலேன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். கடைசித் தட்டான பேரிக்காய் கேக் வர எப்படியும் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.