காயாத சந்தனம்

"மேடம்... பாடிய கொஞ்சம் ஓரமா நகத்திட முடியுமா?"

இன்ஸ்பெக்டர் பெர்சிஸ் விருட்டென்று திரும்பினாள்.

தரையில் விஞ்ஞானி சூர்யநாராயணன். கழுத்தில் ஒயர் இறுக்கிய நீலக்கோடு. திருத்தணி மலையடிவாரத்தில், வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்த மனிதர்.

கேட்டவன் அவருடைய மச்சான் ஸ்கந்தகுமார்; அக்காள் புருஷனை 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். அவர் கம்பெனியில் பங்குதாரன். புது மொட்டை, தலை நிறைய சந்தனம்.

"பன்னெண்டு மணிக்கு டில்லி கமிட்டி வருது மேடம். பாவாவோட மிஷின ஓட்டிக் காட்டினா ஆர்டர் எனக்குத்தான்!"

பெர்சிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சே! இவனும் ஒரு மனுஷனா?

"அப்படி என்ன மிஷின்?"

"லேசர் வெளிச்சத்த நொடிக்குக் கோடி தடவ நிமித்தி, படுக்க வெச்சு, சாய்ச்சு சாட்டிலைட்டுக்கு அனுப்பும். அதான் தகவலப் பூட்டுற ரகசிய சாவி. நடுவுல எவன் கைய வெச்சாலும் காட்டிக் குடுத்துடும்!"

"காலையில எங்க இருந்தீங்க?"

"ஆறு மணிலருந்து மலை மேல. ஒம்போதுக்கு மொட்டை. பத்தரைக்கு வந்து ஜன்னல் வழியா பாத்தேன்... ஐயோன்னு போன் போட்டேன். நீங்க வந்து பூட்ட ஒடைக்கிற வரைக்கும் உள்ள யாரும் கால் வெக்கல."

உயிர் போனதாக டாக்டர் சொன்ன நேரம் காலை எட்டு.

"ஓட்டிக் காட்டுங்க, பார்ப்போம்."

அக்காள் புருஷனின் பிணத்தைத் தாண்டிக்கொண்டு ஓடினான், பாவி!

"பச்சை பட்டன் மேடம்!"

ஏட்டு தங்கவேல் கைக்குட்டை சுற்றிய விரலால் அழுத்தினார்.

பெட்டி முனகியது. திரையில் ஒளி அளவு... பூஜ்யம்!

பெர்சிஸ் குனிந்தாள். ஒளி வெளியேறும் கண்ணாடியின் நட்டநடுவில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. அதில் கட்டைவிரல் ரேகை!

"இது யார் வெச்சது?"

"பா... பாவாதான்! பூஜை போட்டிருப்பாரு."

பேனா முனையால் ஓரத்தைத் தொட்டாள். பிசுபிசுத்தது.

"தலைக்கு மேல ஃபேன் சுத்திகினு இருக்கு. எட்டு மணிக்குச் செத்தவரு வெச்ச பொட்டு, பதினொன்றரை வரைக்கும் காயாம இருக்குமாடா?"

ஸ்கந்தகுமார் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எட்டு மணிக்கு முடிச்சிட்டுத்தான் மலைக்குப் போனேன். மொட்டை போட்டுட்டு வந்து... சாவி போட்டுத் தொறந்தேன். மிஷின் இனிமே என்னோடதாச்சேன்னு... புது வண்டிக்கு வெப்போமே மேடம், அந்த மாதிரி... கை தானா போயிடுச்சு!"

"தூ! கொலை பண்ணிட்டு மொட்டை... மொட்டைய போட்டுட்டு பூஜையா? ஏத்துய்யா இவன ஜீப்புல!"

வாசலில் கார் வந்து நின்றது. தங்கவேல் தலையைச் சொறிந்தார்.

"டில்லிக்காரங்க வந்துட்டாங்க மேடம். மிஷின் வேலை செய்யலன்னு சொல்லிடட்டுமா?"

"ஏன்யா செய்யல? நடுவுல கைய வெச்சவனக் காட்டிக் குடுத்துடுச்சே!"