பூரணி அளவு

செவ்வாய்க் கிரகத்தின் நெய்தல் குடியிருப்பில், காலையில் பல் துலக்கியதும் எல்லாரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் பட்டாணி போலப் புடைத்திருக்கும் மேட்டை ஒருமுறை அழுத்துவார்கள். அன்று முழுவதும் உடம்பில் வீக்கம் இருக்காது, எரிச்சல் இருக்காது, இருமல் இருக்காது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தும்மல் என்றால் என்னவென்றே தெரியாது.

அந்த மேட்டுக்குப் பெயர் தூதடைப்பான். உடம்பில் ஓரிடத்தில் கேடு நேர்ந்தால் அங்குள்ள செல்கள் வேதித் தூதை அனுப்பும். அது அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தும். உள்ளே புரதங்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பிச் செய்தியை உட்கரு வரைக்கும் கொண்டுபோகும், அழற்சி தொடங்கும். தூதடைப்பான் கசியவிடும் மருந்து அந்தச் சங்கிலியின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். செய்தி போய்ச் சேராது. முடக்குவாதக்காரர்களுக்கென்று வந்த மருந்து அது. பிறகு, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எல்லாருக்கும் வைத்துவிட்டார்கள்.

பூரணி அந்த முடக்குவாதக்காரர்களில் ஒருத்தி. இளம் வயதிலேயே சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் மடங்கிப்போன விரல்கள் அவளுக்கு. இந்த மருந்தின் தயவில்தான் அவள் காற்றுக் குழாய்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்த்த தம்பி மாசிலாமணி ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து செத்துப்போனான். நுரையீரல் முழுக்கத் தூசி. சாகும்வரை அவன் ஒருதரம்கூட இருமியதில்லை.

காரியங்கள் முடிந்த கையோடு பூரணி டாக்டர் ஜெபமணியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அழுத்தாம விட்டாலும் இந்த மருந்து கசிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. இதை நிறுத்திடுங்க டாக்டர்."

"அக்கா, வேற யாராவது கேட்டாக்கூடப் பரவாயில்லை. உங்க கை பழையபடி மடங்கிடும்."

"மடங்கட்டும். என் தம்பி உடம்பு கத்தத்தான் பாத்திருக்கும். நாமதான் அது வாயைப் பொத்திட்டோம். என் உடம்பு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நிறுத்தினார்.

முதலில் வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் வறட்டு இருமல் ஒன்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு குடியிருப்பு முழுக்க நடந்தாள். இருமல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கமே திரும்பினாள். வடக்குக் காற்றறையில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. ஏறிப் பார்த்தாள். வெளித்தூசியைத் தடுக்கும் வடிகட்டி நெடுக்காகக் கிழிந்திருந்தது.

குடியிருப்பின் தலைவர் வேதரத்தினம் கூட்டம் போட்டார். வடிகட்டியை மாற்றுவதென்றால் பல நாள் காற்றோட்டத்தைக் குறைக்க வேண்டும்; எல்லாரும் முகமூடியோடு அலைய வேண்டும்; தக்காளிப் பயிர் போய்விடும். "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார் ஒருவர். "மாசிலாமணிக்கு நெஞ்சு முன்னாடியே வீக்" என்றார் இன்னொருவர். கை தூக்கச் சொன்னபோது, மருந்தளவைக் கூட்டுவது என்று முடிவாயிற்று.

"உன் கஷ்டம் வீண் போகாதும்மா" என்றார் தலைவர். "நீ இப்படியே இரு. நீ எவ்வளவு இருமுறியோ, அதை வச்சு நாங்க எவ்வளவு அழுத்தணும்னு முடிவு பண்ணிக்கிறோம்."

மறுநாள் எல்லாச் சுவர்த்திரைகளிலும் செய்தி ஓடியது: 'இன்றைய பூரணி அளவு: இருமல் அதிகம், விரல் வீக்கம் நடுத்தரம்.' ஜனங்கள் படித்துவிட்டு, ஒருமுறைக்கு இரண்டுமுறையாக அழுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அடுத்த வீட்டு அன்னபாக்கியம் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு ரெண்டு போதுமா பூரணி, மூணா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

 பூரணி வீங்கிய விரல்களைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வடக்குக் காற்றறைக்குள் போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டாள். காற்று வரும் பெரிய வால்வை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே கொடுத்துத் திருப்பி மூடினாள். குடியிருப்பு முழுக்க அபாயச் சங்கு அலறியது. ஜனங்கள் திடுக்கிட்டு முகமூடிகளைத் தேடி ஓடினார்கள். அவள் வடிகட்டியின் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கெஞ்சியது.

"பூரணி, என்ன வேணா பண்ணிக்கோம்மா. முதல்ல அந்தச் சங்கை மட்டும் நிறுத்திடு. காது வலி தாங்கல!"