கருவாட்டுக் கொழுந்து

ஜோவிதாவுக்கு வலது கை விரல்கள் நான்கும் எரிந்தன. பையின் காது கயிறு போலச் சுருண்டு சதைக்குள் இறங்கியிருந்தது. கையை மாற்றினாள். கொஞ்ச தூரம் போனதும் இடது கையும் எரிந்தது.

இத்தலார் பஸ் நிறுத்தத்தில் இருக்கிற ஆறுக்குட்டி கடையிலிருந்து எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு வரைக்கும் ஏற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வாரச் சாமான் வாங்கி வருவது அவள் வேலை. அம்மா லோயிஸ் வாரமெல்லாம் தேயிலை பறிக்கிறவள். துணி துவைக்க அவளுக்கு ஞாயிறு மட்டும்தான் கிடைக்கும்.

பாதி ஏற்றத்தில் 'டர்ர்' என்று சத்தம். பையின் அடி திறந்துகொண்டது. உருளைக்கிழங்குகள் தேயிலைச் செடிகளுக்குள் ஓடின. உப்புப் பாக்கெட் நேராக வாய்க்காலில் குதித்தது.

"போன வாரம் வெங்காயம். இந்த வாரம் நீயா?" என்று உப்பைப் பார்த்துக் கேட்டாள் ஜோவிதா. ஸ்வெட்டரைக் கழற்றி, கிடைத்ததை அதில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கிழிந்த பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் நகத்தை விட்டு நூல் உருவப் பார்த்தாள். நூல் வரவில்லை. வெறும் பஞ்சுதான் வந்தது. பழைய பாவாடைத் துண்டில் உருவினாள். சரசரவென்று நூல் வந்தது.

"ம்மா, ஆறுக்குட்டி அண்ணன் இதத் துணிப்பைன்னு சொன்னாரு. இதுல நூலே இல்ல! தைக்கக்கூட இல்ல. சூடு வெச்சு ஒட்டியிருக்கு."

"அப்ப என்னதாம் புள்ள அது?"

"தெரியல. துணி மாதிரி வேஷம் போட்டிருக்கு."

"வேஷத்துக்குத்தான் காசு வாங்குறாரா அவரு?" என்று அம்மா ஈரத்துணியை உதறினாள்.

அடுப்புக்கு மேலே கொடியில், பள்ளிக்கூடத்தில் கொடுத்த மஞ்சப்பை தொங்கியது. அது நல்ல துணிதான். ஆனால் இந்த மழை மாதத்தில் ஒரு தடவை நனைந்தால் காய்வதே இல்லை. அடியில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது.

கிழியாத பை வேண்டும். மழைக்கும் தாங்க வேண்டும். அப்படி ஒன்று எங்கே இருக்கும்? அந்த வாரம் முழுக்க ஜோவிதா கண்ணில் பட்ட பையையெல்லாம் இழுத்துப் பார்த்தாள். வகுப்பில் ஒருத்தியின் சாப்பாட்டுப் பைக் காது அறுந்து, அதற்குத் திட்டும் வாங்கினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பதில் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அம்மாவின் கொழுந்துச் சாக்கு! பறித்த இலையை அதில்தான் நிரப்பி முதுகில் சுமந்து வருவாள். எவ்வளவு அமுக்கினாலும் அது கிழிந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆணியில் சும்மாதான் தொங்குகிறது.

மறுநாள் அம்மா துணி துவைக்கப் போனதும் சாக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"ஏனுங் அம்முணி, என்ற கடையவே அள்ளிட்டுப் போற மாதிரி வந்திருக்கறீங்க?" என்றார் ஆறுக்குட்டி.

அரிசி, கிழங்கு, உப்பு, பருப்பு, அம்மா ஆசைப்பட்ட நெத்திலிக் கருவாடு, எல்லாம் சாக்குக்குள் போயின. முதுகில் போட்டுக்கொண்டு ஏறினாள். விரல் எரியவில்லை. ஒரு கிழங்குகூட உருளவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாக்கை உதறி அதே ஆணியில் மாட்டினாள். அம்மாவிடம் சொல்லவில்லை. வாராவாரம் இப்படியே செய்யலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மத்தியானம் அம்மாவுக்கு டீ எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் போனாள் ஜோவிதா. பெண்கள் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் பாண்டியன் ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டு இலையைப் பார்த்தார்.

அம்மாவின் சாக்கில் கையை விட்டவர் அப்படியே நின்றார். ஒரு பிடி இலையை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னங்க லோயிஸக்கா, இது கொழுந்தா, கொழம்பா?"

வரிசை சிரித்தது. அம்மா குனிந்து மோந்தாள். அவள் முகம் மாறியது.

"கருவாட்டு வாடைங்க" என்றார் பாண்டியன். " தேயில எந்த வாடை பட்டாலும் இழுத்துக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? இத மத்த இலையோட கொட்டுனா மொத்த லோடும் நாறிப் போயிரும். ஃபேக்டரில என்னயத்தான் கேப்பாங்க."

அவர் சாக்கைக் கவிழ்த்தார். காலையிலிருந்து மழையில் நின்று பறித்த கொழுந்து முழுக்கச் சேற்றில் விழுந்தது.

யாரும் இப்போது சிரிக்கவில்லை. காலைக் கொழுந்து இல்லையென்றால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். பாதிச் சம்பளம்தான்.

ஜோவிதா டீத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சார், அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் சாக்குல கருவாடு கொண்டாந்தேன். பை கிழிஞ்சு கிழிஞ்சு போகுதுன்னு..."

"சொன்னது சரி பாப்பா. கொட்டுனது கொட்டுனதுதான். நான் என்ன பண்ணட்டும்?"

பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை வரிசையிலிருந்து வெளியே வந்தாள். அவள் வேகமாகப் பறிக்கிறவள். அவள் சாக்கு எப்போதும் வாய்வரை நிறைந்திருக்கும். இடுப்பில் செருகியிருந்த இன்னொரு சாக்கை உருவினாள். தன் கொழுந்தில் பாதியை அதில் கொட்டி அம்மா முன்னால் வைத்தாள்.

"இத நிறுங்க. இது கருவாடு திங்காத கொழுந்து."

"வேண்டாம் பேச்சி, உனக்குக் கொறஞ்சு போகும்" என்றாள் அம்மா.

"சும்மாவா குடுக்கறேன்? கடன். எனக்கு மேலுக்கு முடியாம கெடக்கற அன்னிக்கு நீ திருப்பிக் குடு."

பாண்டியன் இரண்டு சாக்கையும் நிறுத்தார். எடையை நோட்டில் எழுதினார்.

அம்மா ஜோவிதாவைத் திட்டவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே புள்ள" என்று மட்டும் சொன்னாள். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று ஜோவிதா நினைத்தாள்.

சாக்கு ஏன் வாடையை விடாமல் வைத்திருந்தது? கொட்டகை ஓரத்தில் நின்று அதையே யோசித்தாள். அம்மாவின் வெறும் சாக்கு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அது தண்ணீரைக் குடிக்கிறது. வாடையையும் அப்படித்தான் குடித்திருக்கும். அப்படியானால் தண்ணீரைக் குடிக்காதது எது?

அப்போது ஒரு காற்று அடித்தது. பேச்சி அத்தையின் கறுப்புக் குடை மேல்நோக்கி மடங்கி, கம்பிகள் படபடவென்று ஒடிந்தன.

"நாசமாப் போக! இந்த மழைல இது வேறயா!" என்று அத்தை அதை உதறினாள். நீர் முத்து முத்தாகத் தெறித்தது. துணி காய்ந்தே போனது.

ஜோவிதா அதைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் கீறினாள். நூல் வந்தது.

"அத்தை! இந்தக் குடைய எனக்குத் தருவீங்களா?"

"ஒடஞ்ச குடைய வெச்சு என்ன பண்ணப் போற? மழைல கூத்தாடப் போறியா?"

"பை தைக்கப் போறேன்."

கம்பிகளைக் கழற்ற அன்று சாயங்காலமாயிற்று. முதல் தையல் கோணல். அம்மா பிரித்துவிட்டு இரட்டைத் தையல் போடச் சொன்னாள். காதுக்குப் பழைய சேலைக்கரையை அகலமாக மடித்துத் தைத்தார்கள். பையில் கிழங்கை நிரப்பிக் கதவுத் தாழ்ப்பாளில் இரவு முழுக்கத் தொங்கவிட்டாள் ஜோவிதா. காலையில் தாழ்ப்பாள்தான் லேசாக ஆடியது. பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறுக்குட்டி வழக்கம்போல மேசைக்கு அடியில் கையை விட்டார்.

"பை வேண்டாங்கண்ணா." அவள் கறுப்புப் பையை விரித்தாள்.

"அட, இதென்ன அம்முணி, வவ்வாலையா புடிச்சுட்டு வந்திருக்கறீங்க?"

"குடைங்கண்ணா. கருவாட்ட இந்த டப்பால போட்டுருங்க. தனியா."

அவர் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதைப் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். "எங்க ஊட்லயும் ஒடஞ்ச குட ரெண்டு மூணு கெடக்குதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். "கொண்டாந்தா தெச்சுக் குடுப்பீங்களா?"

"கொண்டாங்க. ஆனா அந்த நூலில்லாத பைய அப்புறம் எனக்கு நீட்டக் கூடாது."

மழை தூறிக்கொண்டே இருந்தது. ஏற்றம் முழுக்க அவள் கையை மாற்றவே இல்லை.

மீந்த குடைத்துணியில் இன்னொரு சின்னப் பை தைத்திருந்தாள். போகிற வழியில் அதைப் பேச்சி அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அதற்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"வாடை இல்ல. சரி, குடைக்குப் பை சரியாப் போச்சு. கொழுந்துக்கு?"

"அது அப்படியேதான் இருக்கு அத்தை" என்றாள் ஜோவிதா. "உங்களுக்கு எங்க வீடு அரைச்சாக்குக் கொழுந்து பாக்கி."