இரண்டு நாடி, ஒரு கைப்பிடி

அரங்கில் இருநூறு பேர் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே இசையைக் கேட்கவில்லை. இருக்கையின் கைப்பிடியில் பதித்திருந்த நாடியிசைவிக் கருவி ஒவ்வொருவரின் நாடியையும் படித்து, வயலின் பிடித்தவருக்கு வயலினையும் மின்னிசை பிடித்தவருக்கு மின்னிசையையும் காதருகே தனித்தனியாக அனுப்பியது. பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துப்போகும் தொல்லை ஒழிந்ததென்று எல்லாருக்கும் நிம்மதி.

அந்தப் படத்தின் இசையமைப்பாளர் எஸ்தர் ஜெயசீலிக்கு மட்டும் அந்த நிம்மதி இல்லை. கிளைமாக்ஸுக்கு அவர் நாற்பது வயலின்களை வைத்து எழுதியிருந்தார். மின்னிசைதான் வேண்டும் என்று இயக்குநர் நாச்சியப்பன் ஒற்றைக்காலில் நின்றார். சண்டை முற்றியதும் தயாரிப்பாளர் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யச் சொல்லிவிட்டார். முதல் நாள் பார்வையாளர்களின் நாடிகள் எதை அதிகம் கேட்கின்றனவோ அதற்குத்தான் தயாரிப்பாளரின் அடுத்த படங்களில் இடம். தோற்றால் வயலின் வாசித்த நாற்பது பேருக்கும் வேலை போகும்.

போதாக்குறைக்கு அவருக்கும் நாச்சியப்பனுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கிளைமாக்ஸ் வந்ததும் பதற்றத்தில் இருவரும் நடுவில் இருந்த ஒரே கைப்பிடியைப் பிடித்தார்கள். விட்டுக்கொடுக்கும் வழக்கம் இருவருக்குமே இல்லை. நாடி படிக்கும் ஒரே தகட்டில் இரண்டு நாடிகள் விழுந்ததும் நாடியிசைவி குழம்பிப்போய், இரண்டு இருக்கைகளுக்கும் இரண்டு இசையையும் சேர்த்தே அனுப்பிவிட்டது.

மின்னிசையின் அதிர்வு தரையாக விரிய, வயலின்கள் அதன்மேல் நடந்து வந்தன. எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வயலின்களுக்கு இப்படியொரு தரை தேவைப்பட்டது என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

நாச்சியப்பன் குனிந்து மெதுவாகக் கேட்டார். “இதை எப்பங்க எழுதுனீங்க?”

“நான் எழுதல சார். கையை மட்டும் எடுத்துடாதீங்க.”

கணக்கில் மின்னிசைதான் ஜெயித்தது. ஜெயித்த நாச்சியப்பனே தயாரிப்பாளரிடம் போய், வயலின்களும் சேர்ந்து வராவிட்டால் இனிப் படமே எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நாற்பது பேரும் தப்பினார்கள். நாடியிசைவி நிறுவனம் கோளாறுக்கு மன்னிப்புக் கேட்டு, கைப்பிடிகளை இரண்டாகப் பிரித்துத் தருவதாகச் சொன்னது. அதைத் தடுக்க எஸ்தரும் நாச்சியப்பனும் முதன்முறையாகச் சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. அடுத்த வாரம் டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு புதுமணத் தம்பதி தயங்கித் தயங்கி நின்றார்கள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரசனைங்க. எங்களோட ஒத்துப்போகாத ஆள் யாராவது இருந்தா, அவங்க பக்கத்துல சீட் குடுங்க.”